ஏலக்காய் ஸ்டோரில் கோதுமைக்குத் தடை

ஏலக்காய் தரம் பிரிக்கிற தொழிலில் கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. வாய்க்கு வேலை கிடையாது, அதனாலேயே அது சும்மா இருக்காது.

கேரள எல்லையிலுள்ள குமுளியில், ஏலக்காயைக் காயவைத்து மூட்டை கட்டுகிற எங்கள் ஸ்டோரின் நீளமான கூடத்தில் சாக்கை விரித்து, ஆளுக்கொரு முறத்தோடு வட்டமாக உட்காருவோம். காம்பைக் கிள்ளி, வெடித்த காய் தனி, வெளுத்த காய் தனி, பச்சை மாறாத பருங்காய் தனி என்று பொறுக்கிப் போட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் பஸ் பிடிக்கிற வரைக்கும் இதேதான். அதற்குள் ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது, யாருக்கு யார் மேல் கொதிக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் புடைத்து எடுத்துவிடுவோம்.

என் பெயர் ஸ்டெல்லா. நாற்பது தாண்டிய பிறகுதான் எனக்கு ஒரு வியாதி இருப்பது தெரிந்தது. அதன் பெயர் சீலியாக். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுத்த இழுப்புக்கு வருவது அதனால்தான். அது உள்ளே போனால் என் உடம்பு ஏதோ எதிரி நுழைந்துவிட்டதாக நினைத்துத் தன் குடலையே போட்டு அடிக்கும். குடல் தேய்ந்து போனால் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது, ஆபரேஷன் கிடையாது. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? வயிற்றுக்காக வாயைக் கட்டி, 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்லியே நாலு பேரிடம் கெட்ட பெயர் வாங்கிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நோயாளிக்கு ரஸ்க்

வியாதி இன்னதென்று தெரியாத காலத்தில் நான் பார்க்காத டாக்டர் இல்லை. ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பெட்டி பெட்டியாக விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. அல்சர் என்றார் ஒருவர், கவலையைக் குறை என்றார் இன்னொருவர். வாயெல்லாம் புண், கால் எலும்பில் குடைச்சல், சாப்பிட்டு எழுந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டம். ஒருநாள் முறத்தைப் புடைக்கத் தூக்கினவள் முறத்தோடு அப்படியே சாய்ந்துவிட்டேன்.

நம் ஊரில் ஒருத்தர் இளைத்துப் போனால் பார்க்கப் போகிறவர்கள் கையில் என்ன இருக்கும்? பிரெட்தான். எங்கள் வீட்டு அலமாரி ஒரு குட்டி பேக்கரியாகிவிட்டது. பிரெட், பன், ரஸ்க், தெம்புக்கு மால்ட் பவுடர். மால்ட் என்றால் பார்லி என்று எங்களில் யாருக்குத் தெரியும்? இதில் எல்லாரையும் மிஞ்சியவள் ராஜம்மாக்கா. ஸ்டோரில் என் பக்கத்து முறம் அவளுடையது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லாத குறையைத் தீர்த்தவள். தினமும் டீயில் ரஸ்க்கை நனைத்து, நான் வேண்டாம் என்றாலும் விடாமல் வாயில் வைத்து அழுத்துவாள். அன்பு கூடக் கூட நான் இளைத்துக்கொண்டே போனேன்.

கடைசியில் கோட்டயத்தில் ஒரு டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, அதில் ஒரு துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பி, வியாதியைக் கண்டுபிடித்தார். மறுநாள் ஸ்டோரில் எல்லாருக்கும் சொன்னேன். ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். ராஜம்மாக்கா மட்டும் கையிலிருந்த காயை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டாள்: "அப்ப இத்தன நாளா ரஸ்க்க ஊட்டி ஊட்டி நாந்தேன் ஒன்னயக் கொல்லப் பாத்துருக்கேனாடி?"

சோறு வாங்கி வந்த வியாதி

எங்கள் வட்டத்தில் பார்வதியக்கா சர்க்கரைக்காரி. 'சோற்றைக் குறை, சப்பாத்தி சாப்பிடு' என்று அவளுக்குத் தீர்ப்பாகி ரொம்ப காலம் ஆகிறது. மத்தியானம் நாங்கள் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையும்போது, அவள் காய்ந்த சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு எங்கள் தட்டைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் நமக்குச் சோறு இறங்காது.

எனக்கு டாக்டரம்மா சொன்னதை நான் வட்டத்தில் ஒப்பித்தேன். சோறு சாப்பிடலாம். இட்லி, ஆப்பம், இடியாப்பம், புட்டு, கேழ்வரகு, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் சாப்பிடலாம். சப்பாத்தி மட்டும் கூடவே கூடாது, பரோட்டா கூடாது, ரவை உப்புமா கூடாது. சொல்லச் சொல்லப் பார்வதியக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. முறத்தை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்: "அந்த டாக்டரு வெலாசத்தக் குடு ஸ்டெல்லா, எனக்கும் இந்த வியாதியவே எழுதித் தரச் சொல்லுவோம்."

மைதா வேறு கட்சி

காலை டீக்கு முதலாளி எங்களுக்குக் கடி வாங்கித் தருவார். மலையாளத்தில் பலகாரத்துக்கு அதுதான் பெயர். எதிர்த்த டீக்கடையிலிருந்து வாழைப்பழத்தில் பண்ணின பழம்பொரி, பருப்பு வடை, போண்டா எல்லாம் ஒரே தட்டில் வரும். பருப்பு வடையில் கோதுமை கிடையாதே என்று முதல் வாரம் சந்தோஷமாகக் கை நீட்டினேன். அன்றைக்குச் சாயங்காலமே வயிறு கணக்கைத் தீர்த்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. மைதாக் கரைசலில் முக்கின பழம்பொரி பொரிந்த அதே எண்ணெயில்தான் வடையும் நீந்துகிறது.

டீக்கடைச் சேட்டன் நல்ல மனுஷன். நான் கோதுமை சாப்பிடக் கூடாத கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டார், இரண்டு தரம் 'கஷ்டம்' என்றார். பிறகு பழம்பொரிச் சட்டியைக் கரண்டியால் காட்டி, மைதாவுக்கும் கோதுமைக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது என்கிற மாதிரி என்னைத் தைரியமாகச் சாப்பிடச் சொன்னார்: "இது கோதம்பு அல்லல்லோ சேச்சி, மைதயல்லே! தைரியமாயிட்டுக் கழிச்சோ."

வட்டத்துக்கு வெளியே

எங்கள் ஸ்டோரில் யாரும் தன் சாப்பாட்டைத் தானே சாப்பிடுகிற வழக்கமில்லை. மத்தியானம் எல்லா டப்பாவும் நடுவில் திறக்கும். ஒரே கரண்டி இந்தக் குழம்பிலிருந்து அந்தப் பொரியலுக்கும், அங்கிருந்து சப்பாத்திக் குருமாவுக்கும் போய்வரும். இந்து வீட்டுச் சாம்பார், வேதக்காரர் வீட்டு மீன்குழம்பு என்று எந்தப் பேதமும் கரண்டிக்குத் தெரியாது. ஒருத்தி எடுத்து வைத்ததை இன்னொருத்தி வேண்டாம் என்றால் அது வயிற்றுக்காகச் சொன்ன பேச்சாக யாருக்கும் படாது, ஒதுக்கிவைக்கிற பேச்சாகத்தான் படும்.

டாக்டரம்மாவோ, வெளிச் சாப்பாடு கூடாது, பொதுக் கரண்டி கூடாது, ஒரு பொடி மாவு பட்டாலும் குடல் மறுபடி புண்ணாகும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வியாதியைப் பற்றி நான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்தான். ஆனால் 'உங்கள் கரண்டி பட்டாலே எனக்கு ஆபத்து' என்று எந்த வாயால் சொல்வது? கூச்சப்பட்டு, ஒன்றும் சொல்லாமல் என் டப்பாவை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் கூப்பிட்டார்கள். இரண்டாம் நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ராஜம்மாக்கா கத்தரிக்காய்க் குழம்போடு என்னிடமே வந்தாள். நான் டப்பாவைக் கையால் மூடினேன். அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் குழம்போடு திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் தன் முறத்தை எடுத்துக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். என் வாழ்க்கையில் வயிற்று வலிக்குக்கூட நான் அப்படி அழுததில்லை. போகிற போக்கில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஏழெட்டு வருசமா எறங்குன எங்க வீட்டுக் கொழம்பு இப்ப ஒனக்கு நாறுதோ?"

சாட்சிக்கு வந்தவள்

அடுத்த முறை கோட்டயம் போக வேண்டிய நாளில் என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு வேலை வந்துவிட்டது. அவர் ஜீப் ஓட்டுகிறவர். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகாமல் இருக்க முடியாது. தனியாகப் போனால் வழியில் மயங்கி விழுவேன் என்று அவருக்குப் பயம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ராஜம்மாக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். "ஒன் மொகத்துக்காக வாரேன், அவளுக்காக இல்ல" என்று அந்தோணியிடம் சொல்லிவிட்டு வந்தாள். பஸ் மலை இறங்குகிற வரை ஜன்னலைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பொதுக் கரண்டி படாமல் சாப்பிடுகிறேனா என்று டாக்டரம்மா என்னைக் கேட்டதும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. சட்டியைக் கழுவிவிட்டால் போதாதா? விளிம்பில் கரண்டி பட்டால் என்ன? ஒருநாள் மட்டும் தின்றால் என்ன? டாக்டரம்மா சலிக்காமல் பதில் சொன்னார். நன்றாகத் தேய்த்துக் கழுவின சட்டியால் கெடுதல் இல்லை, ஆனால் சப்பாத்தி திருப்பின கரண்டி அப்படியே குழம்புக்கு வரக் கூடாது. பத்தியம் தவறினால் ரத்தம் மறுபடி இறங்கும். எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது, சும்மா வழுக்கி விழுந்தாலே முறியலாம். வலி தெரியாவிட்டாலும் குடல் உள்ளே தேய்ந்துகொண்டுதான் இருக்கும் என்றார்.

திரும்பி வரும்போது எனக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாள். மலை ஏறி, குளிர ஆரம்பித்தபோது தன் முந்தானையை இழுத்து என் தோளிலும் சுற்றினாள். குமுளியில் இறங்கியதும் சொன்னாள்: "என்னய விட்டுட்டுத் தனியா உக்காந்தது கூடப் பெருசில்ல, என்கிட்டச் சொல்லி ஒரு பாட்டம் அழுதுருக்கலாம்லடி."

தராசில் ஏறியது

இரண்டு மூன்று மாதத்தில் மாற்றம் தெரிய ஆரம்பித்தது. முதலில் வயிறு அடங்கியது. வாய்ப்புண் ஆறியதும், மிளகாய் போட்ட மீன்குழம்பை வெகு நாளைக்குப் பிறகு கண்ணில் நீர் வராமல் சாப்பிட்டேன். முன்பு எந்தப் பயனும் இல்லாமல் இறங்கின அதே இரும்புச்சத்து மாத்திரை இப்போது ரத்தத்தை ஏற்ற ஆரம்பித்தது. சீவினால் கொத்தாக வந்த முடி நின்றது. எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கால் குடைச்சல் போகவில்லை. எலும்பு தேறுவதற்கு நிறைய நாள் பிடிக்குமாம்.

சனிக்கிழமை தோறும் மூட்டை நிறுக்கிற தராசில் என்னை ஏற்றிப் பார்ப்பது எங்கள் வட்டத்தின் பொழுதுபோக்காகிவிட்டது. முள் கொஞ்சம் கொஞ்சமாக நகர நகர, எல்லாரும் தங்கள் பிள்ளை பாஸான மாதிரி கை தட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை முதலாளி வந்து நின்று பார்த்தார். ஐந்து மூட்டைப் பச்சைக் காயைக் காயப்போட்டால் ஒரு மூட்டைதான் மிஞ்சும் என்கிற கவலையிலேயே தலை நரைத்தவர் அவர். தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எந்தா ஸ்டெல்லே, கொறச்சுத் தின்னா எட கூடும்னு தெரிஞ்சிருந்தா நான் ஏலக்காயையும் பத்தியத்துல போட்டிருப்பேனே!"

கோவிலில் தனிக் கிண்ணம்

நாங்கள் கத்தோலிக்கர்கள். பூசையில் ஆண்டவரின் உடலாக நாங்கள் வாங்குகிற நற்கருணை அப்பமும் கோதுமைதான். ஆண்டவரையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நாலைந்து ஞாயிற்றுக்கிழமை, அப்பம் கொடுக்கும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பிறகு ஒருநாள் தைரியம் வந்து ஃபாதரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் திராட்சை ரசம் மட்டும் வாங்கினாலே முழு நற்கருணைதான் என்றார். அப்பத் துண்டு விழாத ஒரு சின்னக் கிண்ணத்தை எனக்கென்று தனியாக எடுத்து வைத்தார்.

முதல் ஞாயிறு நான் தனியாக முன்னால் போய்க் கிண்ணத்தில் வாங்கிக் குடித்ததைக் கோவிலே பார்த்தது. மனது நிறைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த நிறைவு வாசல் படி இறங்குவதற்குள் முடிந்தது. பாடல் குழுவில் பாடுகிற தெரசம்மா என் காதருகே வந்து சொன்னாள்: "வியாதின்னா இப்பிடி இருக்கணும் ஸ்டெல்லா, ஒயினத் தவிர வேற எதுவும் ஒத்துக்கலையாமே!"

காயம்

கோட்டயம் போய் வந்த பிறகு ராஜம்மாக்காவின் முறம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நானும் வட்டத்துக்குள் வந்துவிட்டேன். ஆனால் என் டப்பாவில் இருப்பதை மட்டும்தான் சாப்பிடுவேன். அவளுக்கு அது பொறுக்கவில்லை. எனக்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கி, அடுப்பு மேடையைக் கழுவி, வீட்டில் யாரையும் கிட்டே விடாமல் புளிக்குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். புளி, மிளகாய், கத்தரிக்காய் தவிர ஒன்றும் இல்லை என்று மாதாவின் பேரில் சத்தியம் பண்ணினாள். அவள் இந்து என்பது அப்போது அவளுக்கு நினைவில்லை. வழித்துச் சாப்பிட்டேன். வீடு போய்ச் சேர்வதற்குள் வயிறு புரட்டிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் படுக்கை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு யோசனை சொல்கிற மேடத்துக்குப் போன் போட்டோம். குழம்பில் போட்டதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். ராஜம்மாக்கா கடைசியில் 'தாளிக்கையில ஒரு சிட்டிக காயப்பொடி' என்றாள். டப்பாவைப் படியுங்கள் என்றார் மேடம். ராஜம்மாக்கா வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தாள். பொடி எழுத்தில், கோதுமை மாவு என்று போட்டிருந்தது. பெருங்காயத்தின் காரத்தைக் குறைக்க மாவு சேர்த்துத்தான் விற்பார்களாம். அந்தோணிக்குக் காய வாசனையே ஆகாது என்பதால் எங்கள் வீட்டில் அது நுழைந்ததே இல்லை. அதனால் எனக்கும் தெரியாமல் போயிற்று. ஊர் முழுக்க மசாலாக் கடை, நாங்களோ மூக்கில் வைத்தே காய் எந்த மாதத்துக் காய் என்று சொல்கிறவர்கள். காயத்துக்குள் மாவு இருப்பது எங்கள் ஒருத்தி மூக்குக்கும் எட்டவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் காய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மொத ரஸ்க்கு, இப்ப இது, இனி ஒனக்கு நான் பச்சத் தண்ணி கூடக் கையால தர மாட்டேன்."

திறக்காத டப்பா

சொன்ன மாதிரியே இருந்தாள். பேச்சு, சிரிப்பு, கிண்டல் எல்லாம் உண்டு. மத்தியானம் மட்டும் என் பக்கம் கை நீளாது. எல்லாருக்கும் குழம்பு ஊற்றிக்கொண்டு வருகிற கரண்டி என்னிடம் வந்ததும் தாண்டிப் போய்விடும். உடம்பு தேறிக்கொண்டே வந்தது. ஆனால் இனி சாகிற வரைக்கும் நான் சமைத்ததை நானேதான் சாப்பிட வேண்டும் என்று நினைத்தால் பாதிச் சோற்றிலேயே டப்பாவை மூடிவிடுவேன்.

மறுபடி குழாய் விட்டுப் பார்க்கிற நாள் வந்தது. குடல் நன்றாகத் தேறியிருக்கிறது, இப்படியே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மறுநாள் மத்தியானம் வட்டத்தில் அதைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டி முடித்ததும் ராஜம்மாக்கா தன் பையில் கையை விட்டுச் சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்வதியக்காதான் விஷயத்தை உடைத்தாள். நான் படுத்து எழுந்து வந்த நாளிலிருந்து ராஜம்மாக்கா வீட்டில் காயமும் இல்லை, மைதாவும் இல்லை. எனக்கென்று தினமும் இந்த டப்பாவில் குழம்பு வரும். தரத் தைரியம் இல்லாமல் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும். குடல் ஆறிவிட்டது என்று என் வாயால் கேட்கிற வரைக்கும் திறப்பதில்லை என்று இருந்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமும் இருந்தது, அதை மறைக்கவில்லை. என்னென்ன போட்டாய் என்று கேட்டேன். எண்ணெய் முதல் கடுகு வரை ஒப்பித்தாள். முருங்கைக்காய்க் குழம்பு. சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். உப்பு ஒரு கை கூடுதல். அவள் ஒரு கவளம்கூட வாயில் வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் ரோட்டின் அந்தப் பக்கம், ஸ்டோர் வாசலில் நின்றிருந்தாள். நடுவில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள், மசாலா வாங்க வந்த கூட்டம், டீக்கடைச் சேட்டன், முதலாளி எல்லாரும் இருந்தார்கள். அவளுக்கு யாரும் கண்ணில் படவில்லை. வாயில் கையைக் குவித்து, "ஸ்டெல்லா! வயித்தால போச்சாடி?" என்று கத்தினாள். "இல்லக்கா!" என்று நானும் கத்தினேன். பஜாரே திரும்பிப் பார்த்தது. அவள் ஸ்டோருக்குள் தலையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "போகலையாம்டி! நாளைக்கு மீன் கொழம்பு!"

என் வியாதி ஆயுசுக்கும் தீராது என்கிறார் டாக்டரம்மா. ராஜம்மாக்கா குழம்பில் உப்பு கூடுவதும் அந்த ரகம்தான் என்பதால், இரண்டையும் வைத்துக்கொண்டு நெடுநாள் இருக்கலாம் என்று இருக்கிறேன்.